நிலம் அப்புறம், கரண்ட் முதலில்: கொங்குப் பகுதியில் டேட்டா சென்டர் போட வருகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் டேட்டா சென்டருக்கு, அதாவது சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி இரவு பகலாக ஓட்டும் கட்டடத்துக்கு, இடம் பார்க்கக் கோயமுத்தூர் வருகிறவர்கள், விமான நிலையத்தில் இறங்கியதும் கேட்பது "ஏக்கர் என்ன விலைங்க?" என்றுதான். அவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள், பாஸ்போர்ட் மட்டும் வேறு. நிலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சப்ஸ்டேஷனைப் பார்ப்போம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். பரவாயில்லை, சுருங்கட்டும்.

நான் ஆடிட்டர் இல்லை, வக்கீலும் இல்லை. பல்லடம் பக்கம் நூல் மில்களில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்துத் தலை நரைத்தவன். இப்போது வெளியிலிருந்து வரும் கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, மின்வாரியத்தில் ஃபைல் பின்னாலேயே போவது, கட்டும்போது கான்ட்ராக்டர் தலைமேல் நிற்பது என்று பொழுது போகிறது. அதனால் இதில் மின்சாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். சட்டம், வரி விஷயங்களை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

எதற்காக இங்கே?

இதற்குப் பதில் இல்லாமல் வராதீர்கள். கடலுக்கடியில் வரும் கேபிள்கள் கரையேறுவது மும்பையிலும் சென்னையிலும், ஓரளவு கொச்சியிலும். பெரிய கிளவுட் கம்பெனிகள் அந்தக் கரையை ஒட்டித்தான் உட்காரப் பார்க்கும். நூறு மெகாவாட் கட்டி உலகத்துக்கே விற்கப் போகிறேன் என்றால் சென்னைக்குப் போங்கள்.

கொங்கு நாட்டுக்கு இரண்டு வியாபாரம் பொருந்தும். ஒன்று, சென்னையில் முதன்மை மையம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது மையம். 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று சென்னை வாங்கிய அடிகளை அவர்களே மறக்கவில்லை. புயல் கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் வெறும் மழையாகிவிடும். இன்னொன்று, இங்கேயே இருக்கும் தேவை. மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்கள், திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளின் கணக்கு, டிசைன் ஆபீஸ்கள், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளா.

இரண்டாவது மையம் விற்கிறவர் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ விநாடி. சென்னை இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். போய்த் திரும்ப 5 மில்லி விநாடி என்பது இயற்கை போட்ட கோடு. இழை சுற்றிப் போகும், நடுவில் கருவிகள் இருக்கும், அதனால் இன்னும் கூடும். சென்னையில் எழுதும் பதிவு அதே கணத்தில் இங்கேயும் எழுதப்பட்டாக வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இது ஒத்துவராது. சில விநாடி பின்தங்கி வந்தால் போதும் என்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர். விற்பனை ஆள் ஆசைப்பட்டு முதல் வகைக்கு வாக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிலநடுக்கமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயமுத்தூரில் 6 அளவுக்கு ஒன்று வந்திருக்கிறது. நிலநடுக்க வரைபடத்தில் ரொம்ப காலம் இது மூன்றாம் மண்டலம், அதாவது நடுத்தர ஆபத்து, சென்னையும் அதேதான். கட்டமைப்பு என்ஜினீயரிடம் அதற்குத் தகுந்த டிசைன் கேளுங்கள். சர்வர் அடுக்கும் ரேக்குகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதும் அதில் சேர்த்தி.

அளவு? 5 மெகாவாட்டை மனதில் வையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு டேட்டா சென்டரை உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தபோது, ஐ.டி. சுமை, அதாவது சர்வர்கள் மட்டும் எடுக்கும் மின்சாரம், குறைந்தது 5 மெகாவாட் இருக்க வேண்டும் என்று வைத்தது. அந்தப் பட்டியலில் இருந்தால் நீண்ட காலக் கடனும் வெளிநாட்டுக் கடனும் வாங்குவது சுலபம். 4 மெகாவாட் போதும் என்று கணக்குப் போட்டு வருகிறவரிடம், இன்னும் ஒன்றைக் கூட்டிக் கட்டம் கட்டமாகக் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வது.

மின்சாரம்

5 மெகாவாட் ஐ.டி. சுமை என்றால் சர்வர்கள் மட்டும் தின்பது அவ்வளவு. குளிரூட்டல், யு.பி.எஸ். இழப்பு, விளக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 7.5 மெகாவாட், கையில் கொஞ்சம் இருப்போடு, வாரியம் கணக்கு வைக்கும் அலகில் 8,000 கே.வி.ஏ. இதை வாங்கப் போகும்போது வெளிநாட்டுக்காரர்களுக்கு முதல் அதிர்ச்சி, கேட்புக் கட்டணம். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கு ஒப்பந்தம் போட்ட அளவில் 90 சதவீதத்துக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். முதல் வருடம் உங்கள் ஹாலில் பத்து ரேக்தான் ஓடும். 8,000 கே.வி.ஏ. ஒப்பந்தம் போட்டுவிட்டால் 7,200க்குப் பில் வரும். ஒரு கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், மாதம் 43 லட்சம். இது யூனிட் கட்டணத்துக்கு மேல். எனவே லைனும் கம்பமும் முழு அளவுக்குப் போடுங்கள், ஒப்பந்தத்தை மட்டும் படிப்படியாக ஏற்றுங்கள். இதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும், பின்னால் கேட்டால் வேலை இரட்டிப்பு.

அப்புறம் உச்ச நேரக் கட்டணம். காலையும் மாலையும் நாலு நாலு மணி நேரம், ஓட்டிய யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவுக்கு 5 சதவீதத் தள்ளுபடி. மில்காரர் அந்த நேரத்தில் சில மெஷினை நிறுத்திச் சமாளிப்பார். சர்வருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதல் விலையில்தான் ஓடும். வெளிநாட்டில் தயாரித்துக் கொண்டுவரும் வரவுசெலவுத் திட்டங்களில் இந்த வரியை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. உங்கள் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்பதையும் வாயால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு சப்ஸ்டேஷனிலிருந்து இரண்டு லைன் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு சப்ஸ்டேஷனுக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர் குறைவு. இரண்டும் ஒரே 230 கே.வி. சப்ஸ்டேஷனின் பிள்ளைகள் என்றால், தாய் படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். எந்த லைன் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஒற்றைக் கோட்டு வரைபடத்தை வாங்கி ஒரு படி மேலே போய்ப் பாருங்கள்.

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். உள்ளூர்ப் பேப்பரில் "நாளை மின்தடை" என்று ஒரு பத்தி வரும். சப்ஸ்டேஷன் பெயர் போட்டு, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை என்று, கீழே ஊர்ப் பெயர்கள் வரிசையாக. நீங்கள் கண் வைத்திருக்கும் சப்ஸ்டேஷனின் பெயர் ஒரு வருடத்தில் எத்தனை தடவை, எந்த மாதங்களில் வந்தது என்று பழைய பேப்பரை எடுத்து எண்ணிப் பாருங்கள். எந்த ஆலோசகர் கொடுக்கும் அறிக்கையிலும் இவ்வளவு நேர்மையான தகவல் இருக்காது.

முழு மின்தடையை விட எனக்குப் பயம் ஆடிக் காற்றில்தான். கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி எல்லாவற்றையும் உலுக்கும். மட்டை லைனில் விழும், அரை விநாடி வோல்டேஜ் இறங்கி மறுபடி ஏறிவிடும். வீட்டில் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியதோடு சரி. சர்வருக்கும் யு.பி.எஸ். தாங்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினில், கம்ப்ரசரை ஓட்டும் காண்டாக்டர் சுவிட்ச் விழுந்துவிடும். விழுந்த கம்ப்ரசர் உடனே எழாது, உள்ளே அழுத்தம் சமமாக வேண்டும், கன்ட்ரோலர் தன் வரிசைப்படி ஒவ்வொன்றாகத்தான் ஏற்றும். சில நிமிடம் ஆகும். நெருக்கமாக அடுக்கிய ஹாலில் அந்தச் சில நிமிடத்திலேயே சூடு ஏறிவிடும். சர்வர்கள் மின்சாரம் இருந்தும் சூட்டில் தாமாக அணைவதுதான் இதன் விசித்திரம். இதற்கு மருந்து மூன்று: குளிர்ந்த நீரைச் சேமித்து வைக்கும் ஒரு தொட்டி, அந்த நீரைச் சுற்றவிடும் பம்புகளும் ஹாலுக்குள் காற்றடிக்கும் ஃபேன்களும் யு.பி.எஸ்.ஸில், சீக்கிரம் எழும் வகைச் சில்லர். ஐரோப்பாவில் போட்ட டிசைனை அப்படியே கொண்டுவந்தால் இந்தத் தொட்டிதான் செலவு குறைப்பில் முதலில் காணாமல் போகும். விடாதீர்கள்.

சொந்த மின்சாரம் வேண்டுமா என்றால், இந்த ஊரில் அந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மில்காரர்கள் காற்றாலையில் பணம் போட்டு அதே மின்சாரத்தை வாரிய லைன் வழியாகத் தங்கள் மில்லுக்குக் கொண்டுவருவது இங்கே பழைய வழக்கம். 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துகிறவர்கள் அந்த மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதம் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்த வேண்டும். அப்படியானால், வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது, லைன் வாடகை உண்டு. பல கம்பெனிகள் சேர்ந்து குழுவாகவும் வைக்கலாம். சிக்கல் பருவத்தில்தான். காற்று வைகாசியில் கிளம்பிப் புரட்டாசியோடு அடங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் காற்றாலைப் பங்கு வைத்திருப்பவரும் வாரியத்திடம்தான் வாங்க வேண்டும். சூரிய மின்சாரத்தையும் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாலை உச்ச நேரத்துக்கு வழி இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

டீசலுக்கு வருவோம். ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 7.5 மெகாவாட்டை ஓட்ட மணிக்கு 2,000 லிட்டர், இரண்டு நாள் இருப்பு வைக்க ஒரு லட்சம் லிட்டர் தொட்டி. 2,500 லிட்டரைத் தாண்டினாலே பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவை. அதை வெடிபொருள் பாதுகாப்புத் துறையில் வாங்க வேண்டும். தொட்டிக்கும் கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் விட வேண்டிய இடைவெளி நிலத்தில் ஒரு பெரிய துண்டைச் சாப்பிட்டுவிடும். லேஅவுட் போடும்போது கடைசியாகத் தொட்டிக்கு மூலை தேடுகிறவர்களே அதிகம். முதலில் தொட்டி, அப்புறம் கட்டடம். ஜெனரேட்டரும் ஹெச்.டி. (உயர் அழுத்த) பேனலும் மின் ஆய்வாளர் பார்த்துச் சான்று தராமல் ஓடக் கூடாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலமா, பழைய மில்லா?

என்னைக் கேட்டால், காலி நிலத்துக்கு முன் மூடிக் கிடக்கும் நூல் மில்களைப் பாருங்கள். கோயமுத்தூர், பல்லடம், உடுமலை, ஈரோடு பக்கமெல்லாம் கதவு சாத்திய மில்கள் உண்டு. ரம்பப் பல் கூரை போட்ட அந்த ஷெட் உங்களுக்கு உதவாது. ரேக் அடுக்கும் தரை சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும், கூரையில் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, அதனால் இடித்துத்தான் கட்ட வேண்டும். நீங்கள் வாங்குவது ஷெட்டை அல்ல. லாரி திரும்பும் அகலத்துக்கு ரோடு, எப்போதோ தொழிலுக்கு மாற்றிய நிலம், வாசல் வரை வந்து நிற்கும் ஹெச்.டி. லைன், பக்கத்துத் தோட்டக்காரர்கள் பழகிப்போன இரைச்சல், இவைதான் சரக்கு. கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: இணைப்பு உயிரோடு இருக்கிறதா, துண்டித்து ஒப்பந்தமே முடிந்துவிட்டதா, வாரியத்துக்கு நிலுவை எவ்வளவு, எந்த பேங்கில் அடமானம், தொழிலாளர் பாக்கி தீர்ந்ததா. கடைசிக் கேள்வியை விற்பவரிடம் கேட்காதீர்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

காலி நிலம்தான் என்றால் முதலில் ஒரு சட்ட விஷயம். வெளிநாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டுக் குடிமகன் தன் பெயரில் இங்கே நிலம் வாங்க முடியாது. இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் வீடு, கடை வாங்கலாம், விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு வாங்க முடியாது. "தோட்டத்தை என் பேரில் வாங்கிக் கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறேன்" என்று வரும் மாப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதே என் வாடிக்கை. இந்தியாவில் பதிவான கம்பெனி, அதில் வெளிநாட்டுப் பணம் இருந்தாலும், தன் தொழிலுக்கு நிலம் வாங்கலாம். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்யத்தான் அனுமதி இல்லை. பெரிய பரப்பு என்றால் நில உச்சவரம்புச் சட்டத்தையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் இதெல்லாம் எந்த வக்கீலும் பார்ப்பார். கொங்கு நாட்டுப் பத்திரத்தில் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பத்தியை நீங்களே படியுங்கள். "கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியமும், மாமூல் வண்டித்தடத்தில் போக வர உள்ள பாத்தியமும்" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கிணற்றில் மீதி முக்கால் பங்கு பங்காளிகளுடையது. கிணறு உங்கள் காம்பவுண்டுக்குள் வந்தால் அவர்களும் வருவார்கள், மோட்டார் போட. சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு இடத்தில் அளவுக் கல் நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்து நின்றது. "ஏனுங் தம்பி, அந்தத் தடத்துலதான எங்க மாடு கன்னு போகோணும், நீங்க செவுரு வெச்சா நாங்க எங்க போறதுங்க?" என்று கேட்டது. சத்தமே போடவில்லை. வரைபடத்தில் அந்தத் தடமே இல்லை, ஆனால் ஆத்தா சொன்னதுதான் சரி. காம்பவுண்டை உள்ளே தள்ளித் தடத்தை வெளியே விட்டுக் கொடுத்தோம். பாதுகாப்பு வேண்டிய இடத்துக்கு நடுவில் மாடு போகும் பாதை இருந்தால் எந்த வாடிக்கையாளரின் தணிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மேற்கே மலையடிவாரத்தில் காற்று குளுகுளு, விலையும் குறைவு என்று தரகர் கூட்டிக்கொண்டு போவார். தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, மேட்டுப்பாளையம் பக்கம் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வரும். ஊரில் ஹாக்கா என்பார்கள். அந்த அனுமதியும் வனத்துறையும் யானை வழியும் சேர்ந்தால் உங்கள் முதலீட்டுக் காலம் முடிந்துவிடும். கிழக்கே பாருங்கள். பெருந்துறை சிப்காட் மாதிரி அரசுத் தொழிற்பேட்டையில் மனை கிடைத்தால் நில வகைத் தலைவலியே இல்லை. குத்தகைதான், ஆனால் பேங்க் ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, 110 கே.வி. லைன் இழுக்க டவர் போட வேண்டும். ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கே.வி. லைனுக்கு இந்தப் பகுதி விவசாயிகள் எப்படிப் போராடினார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னந்தோப்பு வழியாக நாலு கிலோமீட்டர் டவர் லைன் என்று காகிதத்தில் போடுவது சுலபம். சப்ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஏக்கருக்கு விலை கூடினாலும் அதுவே லாபம்.

தண்ணீர்

ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில் யூனிட்டுக்கு 1.8 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 5 மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 18 நடை. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வரும் பூமியில் இதை யார் கொடுப்பார்கள்? கிடைத்தாலும் உப்புத் தண்ணீர், குழாயெல்லாம் வெள்ளையாகப் படியும். நொய்யல் சாயக் கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. தண்ணீரை எடுப்பதும் விடுவதும் இங்கே எல்லோர் கண்ணிலும் படும். காற்றில் குளிரும் சில்லர் போடுங்கள், கரண்ட் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், தின்னட்டும். ஹாலை 18 டிகிரியில் வைக்க வேண்டியதில்லை, 27 வரை சர்வர்கள் தாங்கும் என்பதே இப்போதைய பரிந்துரை.

இழை

இரண்டு கம்பெனி, இரண்டு பாதை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். நம்பாமல் நடந்து பாருங்கள். நீலாம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, நாங்கள் தனித்தனியாகப் பணம் கட்டவிருந்த இரண்டு கம்பெனிகளின் இழையும், ஆளுக்கொரு கலர் டேக் கட்டிக்கொண்டு, ஒரே குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு ஜே.சி.பி. போதும் இரண்டையும் அறுக்க. ஒன்று சேலம், கொச்சி தேசிய நெடுஞ்சாலை வழியாக, இன்னொன்று ரயில் பாதையிலோ கரூர், திருச்சி வழியாகவோ, கட்டடத்துக்குள் நுழைவதும் எதிரெதிர் மூலையில் என்று பிரியுங்கள். மூன்றாவதாகக் கொச்சிப் பக்கம் ஒன்று இருந்தால் சென்னை அடிபட்ட நாளில் நீங்கள்தான் ராஜா.

பணம் வரும் வழி

இது நினைப்பதை விடச் சுலபம், தேதிகளை மட்டும் தவறவிடக் கூடாது. டேட்டா சென்டரில் 100 சதவீதம் வெளிநாட்டு முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டாம். விதிவிலக்கு, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் பணம். 2020 ஏப்ரலில் வந்த விதி அது, உண்மையான உரிமையாளர் யார் என்பதையும் பார்ப்பார்கள். உங்கள் சிங்கப்பூர்க் கம்பெனியில் சீனப் பங்காளி யாராவது இருந்தால் ஆரம்பத்திலேயே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் போதும். இயக்குநரில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும். அதற்காகச் சித்தப்பா பையன் பெயரைச் சும்மா போட்டுவிடாதீர்கள், நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு தெரிந்த, சம்பளம் வாங்கும் ஆளாகப் போடுங்கள். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியில் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் போட வேண்டும், வருடா வருடம் ஜூலை 15க்குள் வெளிநாட்டுச் சொத்து, கடன் கணக்குக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு அட்வான்ஸ் அவசரம் என்று சொந்தக் கணக்கிலிருந்து விற்பவருக்கு நேராக அனுப்பிவிட்டு, அப்புறம் கம்பெனிக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த முடிச்சை அவிழ்க்க ஆகும் செலவுக்கு இன்னொரு ஜெனரேட்டர் வாங்கலாம்.

மாநிலச் சலுகைகளுக்காக 2021இல் தமிழ்நாடு டேட்டா சென்டர் கொள்கை வந்தது. முதலீட்டாளர்களுக்கு உதவும் மாநில அரசின் கைடன்ஸ் தமிழ்நாடு அமைப்பிடம் கட்டுவதற்கு முன்பே போங்கள். ஒற்றைச் சாளர இணையதளத்தில் நகர் ஊரமைப்பு, தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தனி. ரேக்கும் கரண்டும் குளிரும் விற்பதோடு நின்றால் தொலைத்தொடர்பு உரிமம் வேண்டாம், இணைய இணைப்பையும் நீங்களே விற்றால் வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், கணினிகளின் நடவடிக்கைப் பதிவான லாக் 180 நாள், வாடிக்கையாளர் விவரம் 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

ஆட்கள்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் கொண்டுவந்தால் ஒரு வருடத்தில் திரும்பிவிடுவார்கள். நெட்வொர்க் வேலைக்கு இங்குள்ள கல்லூரிகளில் பையன்களும் பொண்ணுகளும் நிறைய. பிளான்ட் பார்க்க மில் மெயின்டனன்ஸ் ஆட்களை எடுங்கள். மூன்று ஷிஃப்ட் அவர்களுக்குப் புதிதல்ல. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதத்தைப் பிடித்து வைத்தே பழகியவர்கள். 2008க்கு அப்புறம் வந்த மின்வெட்டு வருடங்களில் ராத்திரி பகல் பாராமல் ஜெனரேட்டர் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். சத்தத்தை வைத்தே பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். எழுதி வைக்கும் பழக்கம்தான் இருக்காது. எந்த சுவிட்சைத் தொடும் முன்னும் தாளைப் பார்த்துப் படிப்படியாகச் செய்ய வைக்க ஆறு மாதம் பிடிக்கும், "இது தெரியாதுங்களா எனக்கு" என்று கோபித்துக்கொள்வார்கள். பொறுத்துப் போங்கள்.

முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் முழுச் சுமைச் சோதனை வைக்க வேண்டும். சர்வருக்குப் பதில் ஹீட்டர் பெட்டிகளை அடுக்கி 5 மெகாவாட்டையும் ஓட்டி, வாரிய மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்ப்பது. கான்ட்ராக்டர் இதை மார்கழியில் முடித்துப் பில் வாங்கப் பார்ப்பார், வெளியே காற்றே குளிராக இருக்கும்போது எந்தச் சில்லரும் பாஸாகும். ஒப்பந்தத்திலேயே ஏப்ரல் அல்லது மே என்று எழுதுங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு என்றும் சேர்த்து. கடைசித் தவணையில் பத்து சதவீதத்தை அது முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.